பதிவேட்டில் ஆயாவின் பெயரும் இருக்கட்டும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மலையை ஒட்டிய ஊராட்சிகளின் பல்லுயிர் மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

அனைவருக்கும் வணக்கம்.

போன வருஷம் ஒரு மலையடிவார ஊராட்சியின் மக்கள் பல்லுயிர் பதிவேட்டை, அதாவது ஊரில் உள்ள உயிரினங்களையும் அவற்றைப் பற்றி மக்களுக்குத் தெரிந்ததையும் எழுதி வைக்கிற ஏட்டை, கையில் வாங்கிப் பார்த்தேன். எந்த ஊராட்சி என்று சொல்லப்போவதில்லை. மூலிகைகள் என்ற தலைப்பின் கீழ் ஐம்பது பெயர்கள் இருக்கும். நடுவில் ஒரு வரி, அடப்பங்கொடி. கடற்கரை மணலில் படர்ந்து கிடக்குமே, ஊதாப் பூ பூக்குமே, அந்தக் கொடிதான். எங்கள் பக்கத்திலிருந்து கடலைப் பார்க்க இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். கடலோர ஊர் எதற்கோ எழுதியதை அப்படியே எடுத்து, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். சரி, நம் மலையில் உள்ளதாவது இருக்கிறதா என்று தேடினேன். மாகாளிக்கிழங்கு இல்லை. அதே ஊர்க்காரர்கள் தோண்டிக் கொண்டுவந்த மாகாளியை நான் எடை போட்டுக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

அன்றிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

இதில் உங்கள் மீது பழி போட எனக்கு விருப்பமில்லை. ஒவ்வோர் உள்ளாட்சியிலும் இந்தப் பதிவேடு முடிந்திருக்க வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31-ஆம் தேதியைக் கெடுவாக வைத்தது. தவறினால் மாநிலங்கள் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றும் சொன்னது. இதற்கான பல்லுயிர்ச் சட்டம் வந்தது 2002-ல். பதினேழு வருஷம் பெரும்பாலான ஊர்களில் தூங்கிய வேலையைச் சில மாதங்களில் முடிக்கச் சொன்னால் என்ன நடக்கும்? நடந்தது அதுதான். ஆனால் கெடு முடிந்துவிட்டது. இனி அவசரமில்லை. பதிவேடு என்பது ஒருமுறை எழுதிப் பூட்டி வைக்கிற சாசனம் இல்லை, திருத்தலாம், சேர்க்கலாம்.

நான் தேன்கனிக்கோட்டைப் பக்கம் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. மலையில் என்ன இருக்கிறது என்பது எனக்குச் சாக்குகள் வழியாகத்தான் தெரியும். கடுக்காய், பூந்திக்கொட்டை, சீகைக்காய், கல்பாசி, நன்னாரி, மாகாளி. மேலகிரியிலிருந்தும் பெட்டமுகிலாளம் பக்கமிருந்தும் வரும். வத்தல்மலைச் சரக்கும் சித்தேரிச் சரக்கும் தர்மபுரி வியாபாரிகள் மூலமாக எப்போதாவது வரும். முப்பது வருஷமாகச் சாக்கை அவிழ்க்கிறவனுக்கு மலை இளைப்பது கையிலேயே தெரிந்துவிடும்.

மாகாளியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

என் கடைக்கு நெடுநாள் வந்துபோன இருளர் ஆயா ஒருவர் இருக்கிறார். இப்போது எண்பதைத் தாண்டியிருப்பார். பல வருஷங்களுக்கு முன்னால் ஒருநாள், எப்படித்தான் எடுக்கிறார் என்று பார்க்க அவர் கூடவே மலைக்குப் போனேன். பாறை இடுக்கில் ஒரு கொடி. இலையைக் கிள்ளினால் பால் வந்தது. அடித்தண்டை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். பெருவிரல் பருமன் இல்லாத கொடியை அவர் தொடுவதே இல்லையாம். மண்ணை ஒரு பக்கமாக மட்டும் விலக்கினார். வேர்கள் கொத்தாக நாலாபக்கமும் ஓடியிருந்தன. இரண்டை அறுத்தெடுத்தார். மூன்றாவதைக் கையால் தடவிவிட்டு அப்படியே விட்டுவிட்டார்.

“இது தாய்வேரு சாமி. இதையும் புடுங்கிட்டா அடுத்த மழைக்கு நான் யாரைப் பார்க்க வர்றது?”

அப்புறம் மண்ணைத் தள்ளி மூடி, மேலே சருகு பரப்பி, பன்றி கிளறாமல் இருக்க ஒரு தட்டைக் கல்லையும் தூக்கி வைத்தார். இணை இணையாகக் காய் தொங்குகிற மாதங்களில் மாகாளி பக்கமே போகக் கூடாது என்றார். காய் வெடித்து, பஞ்சு கட்டிய விதைகள் பறந்து முடிந்த பிறகுதான் கடப்பாரையைக் கையில் எடுக்க வேண்டுமாம். இது அவருடைய அம்மா சொல்லிக் கொடுத்தது.

வேரை முறித்தால் வருகிற வாசனையைச் சிலர் மூட்டைப்பூச்சி வாசனை என்பார்கள். பழகியவர்களுக்கு அது வனிலா. அவர்கள் மூக்கு பொய் சொல்லவில்லை. வனிலாவின் மணப்பொருளும் மாகாளியின் மணப்பொருளும் ஒரே அணுக்களை, ஒரே எண்ணிக்கையில் கொண்டவை. அடுக்கியிருக்கிற விதம்தான் வேறு. நடு நரம்பை உருவிப் போட்டுவிட்டு ஊறுகாய் போடுவது எல்லோருக்கும் தெரியும். ஆயா இன்னொன்றும் செய்வார். ராகி மூட்டைக்குள் காய்ந்த வேர்த்துண்டு நாலைந்து போட்டு வைப்பார், வண்டு விழாது. நான் அதைக் கிழவிகளின் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். மைசூரில் இருக்கிற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் இந்த வேரைச் சோதித்து, தானியத்தில் விழும் வண்டுகளைக் கொல்லும் பொருள் இதில் இருப்பதாக ஆய்விதழ்களில் எழுதியிருப்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத கொடி இது. அழியும் ஆபத்தில் இருப்பவை என்று உலக அளவில் போடுகிற சிவப்புப் பட்டியலில் இதுவும் ஏறிவிட்டது. இப்போது மலைக்குப் போகிற பலர் கொடியையே பெயர்த்துக்கொண்டு வருகிறார்கள். நன்னாரி என்ற பெயரில் சர்பத்துக்குப் போவதும் இதுதான், பெங்களூருக்கு ஊறுகாய்க்குப் போவதும் இதுதான். முன்பெல்லாம் கட்டைவிரல் பருமனில் வந்த வேர் இப்போது பென்சில் பருமனில் வருகிறது. வாங்கியவர்களில் நானும் ஒருவன். அதைச் சொல்லிவிட்டுத்தான் உங்களிடம் கேட்க எனக்கு யோக்கியதை வரும். தாய்வேரோடு வருவதை வாங்குவதை நான் நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது.

சரி, ஆயாவிடமிருந்து பதிவேட்டில் ஏற வேண்டியது எது? ‘மாகாளிக்கிழங்கு, ஊறுகாய், பசியைத் தூண்டும்’ என்று ஒரு வரி எழுதினால் அது போதாது. எந்தப் பருமனுக்கு மேல் தோண்டுவார், எந்த மாதத்தில் தொடமாட்டார், எத்தனை வேர் எடுப்பார், எதை விடுவார், எப்படி மூடுவார், எப்படி உலர்த்துவார் என்று அத்தனையும் ஏற வேண்டும். அறிவு இருப்பது செய்முறையில்.

இதற்கு உலகம் அறிந்த சாட்சி ஒன்று உண்டு. சீனாவில் தூ யூயூ என்ற அம்மையார் மலேரியாவுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். பழைய ஏடுகளைப் புரட்டிப் புரட்டிப் பல செடிகளைச் சோதித்த குழு அவருடையது. மாசிபத்திரி இனத்துச் செடி ஒன்று ஒருமுறை பலன் தந்தது, மறுமுறை தரவில்லை. திரும்ப ஏடுகளுக்குப் போனார். 4-ஆம் நூற்றாண்டில் கே ஹோங் என்பவர் எழுதிய குறிப்பு கண்ணில் பட்டது. ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் ஊறவை, பிழிந்து சாற்றைக் குடி. காய்ச்சு என்ற சொல்லே அதில் இல்லை. அப்படியானால் சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று யோசித்து, குறைந்த வெப்பத்தில் சத்தைப் பிரித்தார். 1971-ல் அது வேலை செய்தது. அர்டிமிசினின் என்ற அந்த மருந்து லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது. 2015-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கே ஹோங் செடியின் பெயரையும் ‘காய்ச்சலுக்கு நல்லது’ என்பதையும் மட்டும் எழுதி வைத்திருந்தால் அந்த அம்மையாருக்கு அது எந்த வகையில் உதவியிருக்கும்? ஊறவை, பிழி என்று எழுதினார் பாருங்கள், அங்கேதான் மருந்து இருந்தது.

உங்கள் கையில் சட்டம் என்ன கொடுத்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். குழுவில் இருக்கிற சிலருக்கே அது தெரியவில்லை, நான் பேசிப் பார்த்திருக்கிறேன்.

2002 சட்டத்தின் 41-ஆவது பிரிவுதான் உங்களை உண்டாக்கியது. உங்கள் எல்லைக்குள் வியாபாரத்துக்காக மூலிகையோ வேரோ எடுப்பவர்களிடம் கட்டணம் வசூலிக்க உங்களுக்கு அதிகாரம் உண்டு. உங்கள் பகுதியின் உயிரினங்களையும் அறிவையும் பயன்படுத்துவது பற்றி முடிவெடுக்கும்போது, சென்னைத் தரமணியில் இருக்கிற தேசிய பல்லுயிர் ஆணையமும் மாநில வாரியமும் உங்களைக் கலந்து பேச வேண்டும். இந்த உயிரினங்களையும் அறிவையும் வைத்துச் சம்பாதிக்கிற இந்திய நிறுவனங்களும் பலனில் ஒரு பங்கைப் பகிர வேண்டும் என்று உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது.

அப்புறம் 2023-ல் சட்டம் திருத்தப்பட்டது. இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பழைய மருத்துவ நூல்களில் ஏறிய மரபறிவைப் பயன்படுத்துகிற இந்தியர்களுக்கு இப்போது பலன் பகிர்வு இல்லை. சித்த மருத்துவ நூல்களில் இருப்பதை எடுத்து அப்படி ஒருவர் மருந்து செய்தால் அந்த அறிவுக்காக யாருக்கும் பங்கு தர வேண்டியதில்லை. பயிரிட்ட மூலிகைக்கும் விலக்கு உண்டு. ஆனால் அது பயிரிட்டதுதான் என்று கணக்கு வைத்துச் சான்று தர வேண்டியவர்கள் நீங்கள். மலையில் பெயர்த்த மாகாளியைத் தோட்டத்து மாகாளி என்று சொல்லிக்கொண்டு யாராவது உங்கள் கையெழுத்துக்கு வந்து நிற்பார்கள். தோட்டத்தைப் போய்ப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

ஆக, அறிவுக்காகப் பங்கு கேட்கும் உரிமை பெரும்பாலும் எதற்கு மிஞ்சியிருக்கிறது? எந்த நூலிலும் இல்லாமல் வாய்வழியாக மட்டும் வந்த அறிவுக்கு, அதாவது ஆயாவின் அறிவுக்கு. அது இந்த ஊர் மக்களுடையது என்பதற்கு வேறு என்ன சாட்சி இருக்கிறது? மஞ்சள் புண்ணை ஆற்றும் என்று அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் 1995-ல் காப்புரிமை வாங்கியபோது, நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களைக் காட்டி 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. காட்ட நூல் இருந்தது, ஜெயித்தோம். ஆயாவுக்கு நூல் இல்லை. நீங்கள் எழுதுகிற பதிவேடுதான் அவருக்கு இருக்கப்போகிற ஒரே ஆவணம். அதில் அடப்பங்கொடி இருக்கிறது.

அறிவைச் சொன்னவருக்குப் பங்கு வந்த கதையும் பக்கத்திலேயே உண்டு. 1987-ல் அகத்தியமலையில் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டப் போன காணி இன இளைஞர்கள் வழியில் ஒரு சிறு பழத்தைத் தின்றுகொண்டே சோர்வில்லாமல் நடந்தார்கள். ஆய்வாளர்கள் விடாமல் கேட்டதில் ஆரோக்கியப்பச்சை என்ற செடி வெளியே தெரிந்தது. அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து பிறந்தது. 1995-ல் கோவை நிறுவனம் ஒன்று அதைத் தயாரிக்க 10 லட்சம் ரூபாய் உரிமத் தொகை கொடுத்தது, விற்பனையில் 2 சதவீதம் தனி. இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997-ல் அவர்களுக்காக ஓர் அறக்கட்டளை பதிவானது. குறையே இல்லாத ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். காணிகள் எல்லோரையும் கேட்டார்களா என்ற மனத்தாங்கல் பின்னால் எழுந்தது, செடியைக் காட்டிலிருந்து எடுப்பதிலும் தகராறு வந்தது. எல்லோரையும் முதலிலேயே உட்கார வைத்துப் பேசியிருந்தால் அதில் பாதி வந்திருக்காது.

இப்போது சொல்லப்போவது உங்களில் சிலருக்குக் கசக்கலாம்.

கையில் நோட்டோடு ஒருவர் ஊருக்குள் வந்தால் மலை மக்கள் வாயைத் திறப்பதில்லை. ‘ஒன்றும் தெரியாதுங்க’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதைப் படிப்பறிவில்லாமை என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தியை மறந்துவிட்டுப் பேசுகிற பேச்சு அது. 1992 ஜூன் 20, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று அரூர் பக்கத்து அந்த மலையடிவார ஊருக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், வீடுகள் சூறையாடப்பட்டன. உயிரோடிருந்த குற்றவாளிகள் 215 பேருக்கும் தண்டனை கிடைக்க 2011 ஆயிற்று. அதை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது 2023-ல். முப்பத்தொரு வருஷம். காட்டில் விளைகிற ஒன்றைப் பற்றி ஓர் அதிகாரி கேட்டால் என்ன நடக்கும் என்பது இந்த மலைகளில் மனப்பாடமான பாடம். இப்போது காவிரி வடக்கு 2014-லும் காவிரி தெற்கு 2022-லும் சரணாலயங்களாகிவிட்டன. இது எனக்கும் சந்தோஷம்தான், காடு நிற்க வேண்டும். ஆனால் வேர் எடுப்பதைச் சொன்னால் வழக்கு வருமோ என்ற பயமும் கூடவே வந்திருக்கிறது. சிறு வன மகசூலுக்கும் பல்லுயிர் சார்ந்த தங்கள் மரபறிவுக்கும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2006 வன உரிமைச் சட்டம் சொல்கிறது. அதை அவர்கள் எதிரிலேயே சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு நோட்டைத் திறங்கள்.

கேட்கப் போகிறவர் பெண்ணாக இருக்கட்டும். குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் என்று 2004 விதிகளிலேயே இருந்தது, கையெழுத்துக்கு மட்டும் அவர்களைக் கூப்பிடாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகு கொடுக்கிற மருந்தை எந்த ஆயாவும் ஓர் ஆண் எழுத்தரிடம் சொல்ல மாட்டார். வெளியே சொல்ல வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொள்வதைத் தனிப் பக்கத்தில் எழுதி மூடி வையுங்கள். இணையத்தில் ஏற்ற வேண்டியது எது, ஊராட்சி அலமாரியில் இருக்க வேண்டியது எது என்பதை அறிவுக்குச் சொந்தக்காரர்களே சொல்லட்டும்.

எழுதும்போது கூட்டியும் எழுத வேண்டாம். இதை மருந்துக் கடைக்காரனாகச் சொல்கிறேன். சிறுகுறிஞ்சான் இலை இரண்டை மென்று துப்பிவிட்டு ஒரு வெல்லக்கட்டியை வாயில் போட்டுப் பாருங்கள், மண்ணை மெல்வது போல இருக்கும். நாக்கில் இனிப்பே தெரியாது. இதை நீங்களே இன்றைக்கே பார்த்துக்கொள்ளலாம், எழுதலாம். ஆனால் அதிலிருந்து ஒரே தாவாகத் தாவி ‘சர்க்கரை நோயை அடியோடு போக்கும்’ என்று எழுதினால், யாரோ ஒருவர் இன்சுலினை நிறுத்திவிட்டு என் கடை வாசலில் வந்து நிற்பார். வந்திருக்கிறார்கள். கீழாநெல்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1988-ல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் இதழில் எழுதிய சோதனையில், ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களில் கீழாநெல்லி சாப்பிட்ட பாதிக்கு மேற்பட்டோருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்தில் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. மற்ற இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் வரவில்லை. எந்த வகைக் கீழாநெல்லி, எந்த மண், எப்போது பறித்தது, எப்படி உலர்த்தியது என்ற கேள்விகள் இன்னும் முடியவில்லை. ஆகவே ஆயா சொன்னதை ஆயா சொன்னபடியே எழுதுங்கள். கைப்பேசியில் பார்த்ததை அவர் வாயில் திணிக்காதீர்கள்.

வயல் பக்கத்தையும் விட்டுவிட வேண்டாம். மலைச் சாமையில் எத்தனை வகை இருந்தது, உரிகம் புளியின் தாய்மரங்கள் எங்கே நிற்கின்றன, ஆலம்பாடி மாடு இன்னும் யார் யார் பட்டியில் இருக்கிறது என்பதை உங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஒரே சாயங்காலத்தில் சொல்லிவிடுவார்கள்.

அடுத்த கிராம சபையில் பழைய பதிவேட்டை வாய்விட்டுப் படியுங்கள் என்றுதான் கேட்கிறேன். நம் ஊரில் இல்லாத செடி வந்தால் ஜனங்களே நிறுத்துவார்கள். அங்கேயே அடித்துவிடுங்கள். இருப்பதை யார் சொல்கிறாரோ அவர் பெயரையும் அவர் சம்மதத்தோடு அந்த வரியிலேயே எழுதுங்கள்.

ஆயாவுக்கு முழங்கால் போய்விட்டது. மலையேறி மூன்று வருஷம் ஆகிறது. ஆனால் தூக்கிப் போனால் இடத்தைக் காட்டுகிறேன் என்கிறார். பேரன் இரண்டு பேர் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பார்கள், தூக்க அவர்கள் தயார். காய் வெடித்து முடிந்ததும் ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். உங்களில் ஒருவர், முடிந்தால் ஒரு பெண் உறுப்பினர், நோட்டோடு வந்தால் போதும். நான் அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டுக் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
தேன்கனிக்கோட்டைப் பக்கத்து நாட்டு மருந்துக் கடைக்காரர்